ஊரடங்கும் உலையும்

பல பத்தாண்டுகளாக நீளும் ஒரு மோதலைப் பற்றிய நாடகம் என்றால், மேடையை நிறைப்பது துப்பாக்கியும் குருதியும் ஒப்பாரியுமாகத்தான் இருக்கும் என்று பார்வையாளர் எதிர்பார்ப்பது இயல்பே. ஆயினும் பாலஸ்தீனத்திலும், அங்கிருந்து சிதறிய மக்கள் வாழும் நகரங்களிலும் கடந்த ஐம்பது ஆண்டுகளில் உருவான நாடகங்களுள் குறிப்பிடத்தக்க ஒரு பகுதி, படையையும் பீரங்கியையும் திரைக்குப் பின்னால் விட்டுவிட்டு, வெங்காயம் நறுக்கும் பலகை, கல்யாண விருந்துக்குத் தலைகளை எண்ணும் உறவினர், மின்சாரம் போன கூடம், சோதனைச் சாவடியில் நகராத வரிசை ஆகியவற்றையே காட்சிகளாக்கிக் கொண்டது. அரசியலைச் சொல்ல அஞ்சியவர்கள் அடுப்படிக்குள் ஒதுங்கினார்கள் என்று இதனைக் குறை கூறுவோர் உண்டு. மனிதத்தன்மையைக் காட்டும் வழி இதுவே என்று போற்றுவோரும் உண்டு. இரு தரப்பும் கவனிக்கத் தவறுவது ஒன்றுண்டு. சமையல் என்பது முதலில் நேரத்தையும் வழியையும் சார்ந்த வேலை. பொருள் வந்து சேர வழி வேண்டும், வேக நேரம் வேண்டும், உண்ண ஆள் வந்து சேர வேண்டும். ஆக்கிரமிப்பு எனப்படும் ஆட்சிமுறை கை வைப்பதும் இதே நேரத்தின் மீதும் வழியின் மீதும்தான். நாடகாசிரியர் உணவைப் பண்பாட்டின் சின்னமாகத் தூக்கிக் காட்டும்போது காட்சி மெலிந்து போவதையும், நேரத்தையும் வழியையும் அளக்கும் கருவியாக அதைக் கையாளும்போது காட்சி வலுப்பெறுவதையும் இந்நாடகங்களை வரிசையாக நோக்கும்போது உணரலாம்.

பின்னணியைச் சுருக்கமாகக் கூறலாம். 1948-இல் இஸ்ரேல் நாடு உருவானபோது ஏறத்தாழ 7 இலட்சம் பாலஸ்தீனர்கள் தங்கள் ஊர்களை விட்டு வெளியேறவோ வெளியேற்றப்படவோ நேர்ந்தது. 1967-ஆம் ஆண்டுப் போரில் மேற்குக் கரை, கிழக்கு ஜெருசலேம், காஸா ஆகிய பகுதிகள் இஸ்ரேலியப் படையின் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. இந்த ஆட்சியை எதிர்த்து 1987-இலும் 2000-இலும் வெடித்த மக்கள் எழுச்சிகள் ‘இன்திஃபாதா’ என்ற அரபுப் பெயரால் குறிக்கப்படுகின்றன. இங்கு பேசப்படும் நாடகங்கள் பெரும்பாலும் 1967-க்குப் பின்னர் தோன்றியவை.

ஜெருசலேமில் ‘பலாலீன்’, அதாவது பலூன்கள், என்ற பெயரில் 1970-களின் தொடக்கத்தில் இயங்கிய இளைஞர் குழு, ‘அல் அத்மா’ என்னும் நாடகத்தை 1972-இல் அரங்கேற்றியது. இருட்டு என்பது அப்பெயரின் பொருள். நாடகம் தொடங்கிய சிறிது நேரத்தில் விளக்குகள் அணைந்துவிடுகின்றன. இது உண்மையான மின்தடையா, கதையின் பகுதியா என்று விளங்காமல் பார்வையாளர் திகைக்க, அவர்களுக்கிடையில் முன்பே அமர்த்தப்பட்டிருந்த நடிகர்கள் எழுந்து வாதிடத் தொடங்குகின்றனர். யார் பழுது பார்ப்பது, யார்மீது குற்றம், மெழுகுவர்த்தி எங்கே என்ற சச்சரவின் ஊடாகவே ஒரு சமூகத்தின் பிணக்குகள் அனைத்தும் வெளிப்படுகின்றன. வீட்டில் எவரும் எதிர்கொள்ளும் ஒரு சிறு இடையூறையே நாடகத்தின் எலும்புக்கூடாக்கிய இந்த உத்தி, பின்னால் வந்த அடுப்படி நாடகங்களுக்கெல்லாம் மூத்தது என்று கொள்வதில் தவறில்லை.

அக்குழுவில் முன்னின்ற ஃபிரான்சுவா அபு சாலெம் 1977-இல் ‘அல் ஹகவாத்தி’ குழுவைத் தொடங்கினார். ஹகவாத்தி என்பவர் அரபு ஊர்களின் காப்பிக் கடைகளில் அமர்ந்து தொடர்கதைகளைச் சொல்லும் மரபுவழிக் கதைசொல்லி. நாள்தோறும் கதையை ஓர் இக்கட்டான கட்டத்தில் நிறுத்தி, மறுநாளும் ஆட்களை வரவழைப்பது அவருடைய தொழில் நுட்பம். இக்குழு 1980-இல் மேடையேற்றிய ‘மஹ்ஜூப் மஹ்ஜூப்’ ஓர் எளிய மனிதனின் வாழ்வைச் சுற்றி அமைந்தது. ஊர் ஊராகச் சென்று நூறு முறைக்கு மேல் நிகழ்த்தப்பட்டது. 1984-இல் கிழக்கு ஜெருசலேமில் பயன்பாடற்றிருந்த ‘அல் நுஸ்ஹா’ திரையரங்கை இக்குழுவினர் நாடக அரங்காக மாற்றினர். இன்றைய பாலஸ்தீனத் தேசிய அரங்கம் அதுவே. அக்காலத்தில் நாடகப் பிரதிகள் இராணுவத் தணிக்கையாளரின் ஒப்புதலைப் பெற வேண்டியிருந்தது. தணிக்கையாளரின் கண் கொடி, வரைபடம், நேரடி முழக்கம் ஆகியவற்றைத் தேடும் பழக்கமுடையது என்பதால், வீட்டுச் சண்டையும் அங்காடிப் பேச்சும் அவரைத் தாண்டிச் செல்வது ஒப்பீட்டளவில் எளிதாக இருந்திருக்கும். அன்றாடத்தின் பக்கம் இந்நாடகமரபு சாய்ந்ததற்குக் கலைக்கொள்கை மட்டுமே காரணம் என்று கூறிவிட இயலாது.

உணவுக்கும் இவ்வாட்சிமுறைக்கும் உள்ள தொடர்பை விளக்காமல் பின்வரும் நாடகங்களை விளங்கிக்கொள்வது கடினம். ஊரடங்கு என்றால் தமிழ் வாசகர் பலருக்கும் 2020-ஆம் ஆண்டுப் பெருந்தொற்றுக் காலமே நினைவுக்கு வரும். மேற்குக் கரையின் ஊரடங்கு வேறு வகையானது. 2002-ஆம் ஆண்டில் நாப்லுஸ் நகர மக்கள் நூறு நாட்களுக்கும் மேலாக வீடுகளுக்குள் அடைபட்டிருந்தனர்; இடையிடையே சில மணி நேரம் தடை தளர்த்தப்படும், அந்த இடைவெளிக்குள் மாவும் பாலும் மருந்தும் வாங்கியாக வேண்டும், அடுத்த தளர்வு எப்போது என்பது உறுதியாகத் தெரியாது. அங்குள்ள சமையலோ நிதானத்தை வேண்டுவது. ‘மக்லூபா’ என்னும் உணவுக்குக் கத்தரிக்காயை வறுத்து, இறைச்சியைத் தனியே வேகவைத்து, அரிசியோடு அடுக்கி, மெல்லிய தணலில் பொறுத்திருந்து, இறுதியில் பானையைத் தட்டில் கவிழ்த்து வடிவம் குலையாமல் எடுக்க வேண்டும். ‘முஸக்கன்’ என்பதற்கோ ‘தாபூன்’ எனும் மண் அடுப்பில் சுட்ட ரொட்டியும், புதிய ஆலிவ் எண்ணெயும், ‘சுமாக்’ என்ற புளிப்பான சிவப்புப் பழத்தூளும், நிறைய வெங்காயமும் தேவை. இரண்டுமே ஒருவர் தனியே உண்பதற்கான உணவல்ல. பந்தி கூடும் என்ற நம்பிக்கையில் உலை வைப்பவை.

இத்துடன் நில்லாமல், எதைப் பறிக்கலாம், எதைக் கொண்டுவரலாம் என்பதும் ஆணைகளுக்கு உட்பட்டது. ரொட்டியோடு பாலஸ்தீனர் நாள்தோறும் உண்ணும் ‘ஸாத்தர்’ என்ற மலைச்செடியை இஸ்ரேல் 1977-இல் பாதுகாக்கப்பட்ட தாவரமாக அறிவித்தது. தலைமுறைகளாகக் குன்றுகளில் அதைப் பறித்துவந்த பெண்கள் அபராதத்துக்கு உள்ளாயினர். செடியினத்தைக் காக்கவே இந்த விதி என்பது அரசின் வாதம். வணிகத்துக்காக வயலில் பயிரிட்டு விற்பதற்கு விதி இடம் தந்தது என்பதும், தண்டனை பெற்றவர்கள் ஏறக்குறைய அனைவரும் அரபு மக்களே என்பதும் எதிர்வாதம். காஸாவின் கதை இன்னும் விசித்திரமானது. 2007-க்குப் பின் இறுகிய முற்றுகையின்போது உள்ளே செல்ல அனுமதிக்கப்படாத பொருள்களுள் கொத்தமல்லி, இஞ்சி, சீரகம், ஏலக்காய், சாக்லேட், ஜாம் ஆகியவை இருந்தன. லவங்கப்பட்டைக்கோ அனுமதி இருந்தது. 2010-ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் இத்தடைகள் தளர்ந்தன. காஸாவில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு உணவு போதும் என்று இஸ்ரேலியப் பாதுகாப்பு அமைச்சகம் 2008-இல் கணக்கிட்டு வைத்திருந்த ஆவணம், ‘கிஷா’ என்ற இஸ்ரேலிய மனித உரிமை அமைப்பு தொடுத்த வழக்கின் விளைவாக 2012-இல் வெளிவந்தது. அதில் கண்ட எண் 2,279 கலோரி. அந்தக் கணக்கு கொள்கையாக நடைமுறைப்படுத்தப்படவில்லை என்று அமைச்சகம் கூறியது. சீரகத்தைப் பாதுகாப்புப் பிரச்சினையாக்கும் அதிகாரியைக் கற்பனை செய்ய நகைச்சுவை நாடகாசிரியர் தேவைப்படாத இடம் அது.

பெத்லஹேமை அடுத்துள்ள பெய்த் ஸஹூர் ஊர்மக்கள் முதல் இன்திஃபாதாவின்போது இஸ்ரேலியப் பால் நிறுவனங்களைச் சார்ந்திருக்க விரும்பாமல் 18 பசுக்களை வாங்கிப் பண்ணை வைத்தனர். பட்டணத்துக்காரர்களான அவர்களுக்கு மாடு வளர்த்துப் பழக்கமில்லை. இராணுவம் அப்பண்ணையை மூட உத்தரவிட்டதும் மாடுகளை இரவோடிரவாக வீடு வீடாக ஒளித்துவைக்கும் நிலை வந்தது. மேடைக்கென்றே பிறந்தது போன்ற இக்கதையை ஆமிர் ஷோமாலியும் பால் கோவனும் 2014-இல் ‘தேடப்படும் பதினெட்டு’ என்ற ஆவணப்படமாக்கினர். படத்தில் களிமண்ணால் செய்த அந்த மாடுகளும் பேசுகின்றன.

அடுப்படியை முழுமையாக மேடையின் நடுவில் நிறுத்திய நாடகம் ‘ஃபுட் அண்ட் ஃபத்வா’. பாலஸ்தீன வம்சாவளி அமெரிக்கரான லமீஸ் இசாக், ஜேக்கப் கேடர் ஆகியோர் சேர்ந்து எழுதிய இது, ஷானா கோல்ட் இயக்கத்தில், 2012-இல் நியூயார்க் தியேட்டர் ஒர்க்‌ஷாப் அரங்கில் நிகழ்த்தப்பட்டது. மத்தியக் கிழக்கு வம்சாவளிக் கலைஞர்களுக்காகத் தொடங்கப்பட்ட நூர் தியேட்டர் என்ற குழு இதில் பங்காளி. ஃபத்வா என்பது இங்கு ஒரு பெண்ணின் பெயர். மார்க்கத் தீர்ப்பைக் குறிக்கும் சொல்லோடு அதற்குத் தொடர்பில்லை. பெத்லஹேமில் வாழும் திருமணமாகாத அந்தப் பெண், நினைவிழந்து வரும் தந்தையைப் பேணுவதிலும் தங்கையின் கல்யாண ஏற்பாடுகளிலும் தன் வாழ்வைத் தள்ளிப்போட்டவள். சமையலறையில் தனித்திருக்கும் வேளைகளில் அவள் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியின் நாயகியாகிவிடுகிறாள். எதிரே ஒளிப்பதிவுக் கருவியும் பல்லாயிரம் நேயர்களும் இருப்பதாகப் பாவித்துச் செய்முறை விளக்கம் சொல்கிறாள். லமீஸ் இசாக் தாமே இப்பாத்திரத்தை ஏற்று நடித்தார்.

இந்தக் கற்பனை நிகழ்ச்சி வெறும் சிரிப்பூட்டும் உத்தி அன்று. தொலைக்காட்சிச் சமையல் நிகழ்ச்சிகளின் இலக்கணத்தில் எல்லாப் பொருள்களும் முன்பே நறுக்கி, சிறு கிண்ணங்களில் அளந்து வைக்கப்பட்டிருக்கும். அடுப்பில் வைத்த அடுத்த நொடியே வெந்த உணவு மேசைக்கு அடியிலிருந்து வெளிவரும். காத்திருத்தல் என்பதே அற்ற ஓர் உலகம் அது. ஃபத்வாவின் உண்மையான வீட்டிலோ எல்லாமே காத்திருப்பு. மணமகனின் அண்ணன் யூசிஃப் அமெரிக்காவிலிருந்து வர வேண்டும்; அவன் ஃபத்வா பல ஆண்டுகளாக எதிர்பார்த்திருப்பவன். வரும்போது அவனுடைய நெருக்கம் வேறிடத்தில், ஃபத்வாவின் உறவுக்காரியும் அமெரிக்காவில் சமையல் கலைஞராகப் பெயர் பெற்றவளுமான ஹயாத்திடம் சென்றுவிட்டது என்பது வெளியாகிறது. இதற்கிடையே ஊரடங்கு அறிவிக்கப்பட, கல்யாணத்துக்குச் சேர்ந்த குடும்பம் ஒரே வீட்டுக்குள் பூட்டப்படுகிறது. காதல் முறிவும், உறவுப் பொறாமையும், முதுமையின் மறதியும் எந்த ஊர்க் குடும்ப நாடகத்திலும் உள்ளவைதாம். கதவைத் திறந்துகொண்டு கோபத்தோடு வெளியேறும் வசதி மட்டும் இங்கு எவருக்கும் இல்லை. மேடை நாடகத்தின் மிகப் பழைய அசைவான ‘வெளியேறுதல்’ தடைசெய்யப்பட்டுவிட்டதால், சண்டை போட்டவர்கள் மறுபடியும் அதே மேசையில் உட்கார வேண்டியிருக்கிறது. இராணுவ ஆணை ஒன்று நாடக இலக்கணத்துக்குள் புகுந்து வேலை செய்யும் இந்த இடமே இப்படைப்பின் உயர்ந்த பகுதி.

ஹயாத் என்ற பாத்திரத்தில் இன்னொரு நுட்பமும் அடங்கியுள்ளது. குடும்பத்து உணவு அவளுடைய கையில் வெளிநாட்டு நாகரிகப் பொருளாகி, விலையும் புகழும் பெறுகிறது. அதே உணவை ஊரில் சமைப்பவளுக்கு அப்புகழில் பங்கில்லை. லண்டனில் உணவகம் நடத்தும் யோதம் ஒத்தோலெங்கி என்ற இஸ்ரேலியரும் சமி தமீமி என்ற பாலஸ்தீனரும் இணைந்து எழுதிய ‘ஜெருசலேம்’ என்ற சமையல் நூலும் அதே 2012-இல்தான் வெளிவந்து பல நாடுகளில் பெருவிற்பனை கண்டது என்பதை நினைவுகூர்ந்தால், யாருடைய உணவு, அதை யார் பெயரிட்டு விற்கலாம் என்ற வழக்கு அக்காலத்தில் எவ்வளவு சூடாக இருந்தது என்பது விளங்கும். நாடகம் அந்த வழக்கைத் தீர்க்க முயலவில்லை. இரண்டு பெண்களுக்கிடையிலான புழுக்கமாக அதை மாற்றிக்கொண்டது. அது ஒருவகையில் நல்ல தீர்மானமே.

ஆனாலும் இந்நாடகத்தை அரங்கேற்றிய நிறுவனத்தின் முந்தைய வரலாற்றை ஒதுக்கிவிட்டு மதிப்பிட முடியாது. காஸாவில் 2003-இல் இஸ்ரேலிய இராணுவ புல்டோசரால் உயிரிழந்த அமெரிக்க இளம்பெண் ரேச்சல் கோரியின் நாட்குறிப்புகளைக் கொண்டு தொகுக்கப்பட்ட நாடகத்தை 2006-இல் மேடையேற்றத் திட்டமிட்டு, பின்னர் தள்ளிவைத்துப் பெரும் கண்டனத்துக்கு உள்ளானது இதே நியூயார்க் தியேட்டர் ஒர்க்‌ஷாப்தான். ஆறு ஆண்டுகள் கழித்து அதே வாயிலில் ஃபத்வாவால் எளிதில் நுழைய முடிந்தது, கையில் சட்டியும் கரண்டியும் இருந்ததால். கத்தரிக்காயின் மணத்தை எவரும் தடை செய்வதில்லை. விருந்தோம்பலைக் காட்டும் நாடகத்துக்கு எதிராக எவரும் கையொப்பம் திரட்டுவதில்லை. இந்தச் சலுகைக்கு ஒரு விலை உண்டு. வெளிநாட்டுப் பார்வையாளர் ‘இவர்களும் நம்மைப் போன்றவர்களே’ என்ற மனநிறைவோடு எழுந்து, பக்கத்துத் தெருவின் அரபு உணவகத்துக்குச் சென்றுவிடலாம். ஊரடங்கை யார் விதித்தார், ஏன் விதித்தார் என்ற கேள்வி செரித்துப்போய்விடும். ‘ஃபுட் அண்ட் ஃபத்வா’ அந்த ஆபத்திலிருந்து முழுமையாகத் தப்பியது என்று கூறுவது மிகை.

மேடையில் உண்மையாகவே சமைப்பது இந்த ஆபத்தைக் குறைக்கும் ஒரு வழி. நாடகங்களில் உணவு பெரும்பாலும் பாவனையே. வெறும் கிண்ணத்தில் கரண்டி சுழலும், வண்ண நீர் தேநீராகும். உண்மையான அடுப்பு எரியத் தொடங்கிவிட்டால் நடிப்புக்கு ஓர் எசமானர் வந்துவிடுகிறார். வெங்காயம் சிவக்கும் நேரத்தை இயக்குநரால் குறைக்க முடியாது. வசனம் எண்ணெயின் சூட்டுக்கு ஏற்ப நீளவோ சுருங்கவோ வேண்டும். கடைசி வரிசை வரை புகை சென்று சேரும். பாலஸ்தீன நாடகாசிரியரும் இயக்குநருமான அமீர் நிஸார் ஸுவாபி, சிரியப் போரைப் பற்றி எழுதி 2013-இல் முதலில் மேடையேற்றிய ‘ஓ மை ஸ்வீட் லேண்ட்’ இம்முறையில் அமைந்த ஓராள் நாடகம். ஜெர்மானிய-சிரிய வம்சாவளி நடிகையான கொரின் ஜாபெர் அதில் நடித்தார். உடைத்த கோதுமையையும் அரைத்த இறைச்சியையும் பிசைந்து, உள்ளே வதக்கிய வெங்காயமும் இறைச்சியும் வைத்து உருட்டிப் பொரிக்கும் ‘கிப்பே’ என்ற பண்டத்தை அந்தப் பெண் தொடக்கம் முதல் செய்துகொண்டே இருக்கிறாள். செய்துகொண்டே, தான் நேசித்த அகதி ஒருவனைத் தேடி லெபனான், ஜோர்தான், சிரியா எனச் சென்ற பயணத்தைச் சொல்கிறாள். வழியில் சந்தித்தவர்களின் கொடுமைக் கதைகள் பெருகப் பெருக, இறைச்சியைப் பிசையும் கையும் கத்தியும் வேறு பொருள் தரத் தொடங்குகின்றன. 2017-இல் நியூயார்க்கில் இந்நாடகம் அரங்குகளை விட்டு வெளியேறி, வீடுகளின் உண்மையான சமையலறைகளிலேயே சிறு சிறு கூட்டங்களுக்கு நிகழ்த்தப்பட்டது. அங்கே எண்ணெய் மணம் பார்வையாளரின் உடையில் ஒட்டிக்கொள்ளும் தொலைவில் இருந்தது. இனிய மணம் ஒன்று மூக்கைத் தொடும்போது காதில் விழுவது சித்திரவதைச் செய்தியாக இருக்கும் நிலையில், பசியே பார்வையாளருக்கு ஒரு சங்கடமாகிவிடுகிறது. மேற்சொன்ன மனநிறைவுக்கு இங்கு இடமில்லை.

உணவின் மறுபக்கமான பட்டினியை மேடையேற்றிய நாடகம் வேறு விதமான வரவேற்பைப் பெற்றது. 2002 ஏப்ரல் தொடக்கத்திலிருந்து பெத்லஹேமின் ஏசு பிறப்பிடத் தேவாலயத்துக்குள் ஆயுதமேந்தியவர்களும் பொதுமக்களும் துறவியருமாக ஏறத்தாழ 200 பேர் இராணுவத்தால் சூழப்பட்டு 39 நாட்கள் இருந்தனர். உணவு தீர்ந்த பின்னர் இலைகளை வேகவைத்து உண்ணும் நிலை ஏற்பட்டது. முடிவில் உடன்பாட்டின்படி 39 போராளிகள் காஸாவுக்கும் ஐரோப்பிய நாடுகளுக்கும் நாடுகடத்தப்பட்டனர். அவர்களுள் சிலரைத் தேடிச் சென்று பேசி, ஜெனின் அகதி முகாமின் ‘சுதந்திர அரங்கு’ 2015-இல் ‘முற்றுகை’ என்ற நாடகத்தை உருவாக்கியது. பிரிட்டனில் பயணம் செய்தபோது செய்தித்தாள்களில் எதிர்ப்பு எழுந்தது. நியூயார்க்கின் பப்ளிக் தியேட்டர் அதை நடத்தும் எண்ணத்தைக் கைவிட்டது. 2017-இல் அந்நகரின் ஒரு பல்கலைக்கழக அரங்கில்தான் அதற்கு இடம் கிடைத்தது. விருந்து சமைக்கும் பாலஸ்தீனப் பெண்ணுக்கும் பசித்த பாலஸ்தீனப் போராளிக்கும் ஒரே நகரம் வழங்கிய வரவேற்புகளை அருகருகே வைத்துப் பார்ப்பது பயனுள்ளது.

உள்ளூரில் நிலைமை வேறு. மக்லூபாவை விளக்கிச் சொல்ல வேண்டிய தேவையில்லாத பார்வையாளர் முன் உணவு தனிக் கவர்ச்சி எதையும் பெறுவதில்லை. ரமல்லாவின் அல் கசபா அரங்கு இரண்டாம் இன்திஃபாதாவின் நடுவே 2001-இல் உருவாக்கிய ‘பாலஸ்தீனத்திலிருந்து உயிருடன்’ என்ற தொகுப்பில், மேடை முழுதும் குவிந்த செய்தித்தாள்களுக்கிடையிலிருந்து நடிகர்கள் எழுந்து வந்து, செய்தியாகாத தம் நாள்களைச் சிறு சிறு தனிப்பேச்சுகளாகச் சொன்னார்கள். அதைவிட ஒரு படி முன்னே சென்றது 1991-இல் எட்வர்ட் முஅல்லிமும் இமான் அவுனும் நிறுவிய ‘அஷ்தார்’ குழு. பிரேசில் நாட்டு அரங்கவியலாளர் அகுஸ்தோ போவாலின் ‘ஒடுக்கப்பட்டோர் அரங்கு’ முறையை அது கையாள்கிறது. இதில் குடும்பச் சிக்கல் ஒன்று தோல்வியில் முடிவதாக நடித்துக் காட்டப்படும்; பின்னர் அதே காட்சி மீண்டும் தொடங்க, பார்வையாளர் எவரும் நிறுத்தச் சொல்லி, மேடையேறி, பாதிக்கப்பட்ட பாத்திரத்தின் இடத்தில் நின்று வேறு முறையில் நடந்து பார்க்கலாம். அஷ்தாரின் ‘அபு ஷாகிர்’ வரிசை நாடகங்கள் இவ்வகையின. பெண்ணின் படிப்பு, சிறுவயதுத் திருமணம் போன்றவற்றில் அப்பாவையும் அண்ணனையும் எதிர்க்கும் வழிகள் அங்கு ஒத்திகை பார்க்கப்படுகின்றன. நீண்ட மோதலில் வாழும் சமூகம் தன் உள்வீட்டுக் குறைகளைப் பேசுவதை ஒத்திப்போட எப்போதும் ஒரு காரணம் வைத்திருக்கும் என்பதை அறிந்தவர்களின் பணி இது.

அஷ்தார் 2010-இல் தொடங்கிய ‘காஸா தனிப்பேச்சுகள்’ இவற்றுள் உலகம் முழுதும் பரவியது. 2008-09 போரைக் கண்ட முப்பதுக்கும் மேற்பட்ட காஸா இளையோர் எழுதிய உரைகள் அவை. முற்றுகையால் அவர்கள் வெளியே வர இயலாத நிலையில், பல நாடுகளின் இளைஞர் குழுக்கள் 2010 அக்டோபரில் ஒரே நாளில் அவர்களுக்குப் பதிலாக நின்று அவற்றைப் பேசினார்கள். 2023 நவம்பர் 29-இல், புதிய போரின் நடுவே, அதே உரைகளை மறுபடியும் உலகெங்கும் வாசிக்குமாறு அஷ்தார் அழைத்தது. பதின்மூன்று ஆண்டுப் பழைய பிரதியில் மாற்றம் எதுவும் தேவைப்படவில்லை என்பதே அந்நிகழ்வின் விமர்சனம். 2025 ஆகஸ்ட் 22-இல் உணவுப் பாதுகாப்பு நிலையைத் தரம்பிரிக்கும் பன்னாட்டு அமைப்பு காஸா மாவட்டத்தில் பஞ்சம் நிலவுவதாக உறுதிசெய்தது. இஸ்ரேல் அதனை மறுத்தது. 2,279 என்ற பழைய எண் அந்த வேளையில் ஒரு கனவளவாகத் தோன்றியது. அடுப்பும் எண்ணெயும் மணமுமாக மேடையை நிறைக்கும் நாடக முறைக்கு இதனால் ஒரு நெருக்கடி நேர்ந்துள்ளது என்பதை மறைக்க முடியாது. உணவே இல்லாத இடத்தைப் பற்றிப் பேசும்போது சமைத்துக் காட்டுவது கூச்சமற்ற செயலாகிவிடக் கூடும். பேச்சு மட்டுமே கொண்ட தனிப்பேச்சு வடிவம் அங்கே தகுதி பெறுகிறது.

ஜெனின் முகாமின் கதையும் இதனோடு சேர்த்து அறியத்தக்கது. முதல் இன்திஃபாதாவின்போது அர்னா மேர் என்ற யூதப் பெண் அங்குள்ள குழந்தைகளுக்காகத் தொடங்கிய சிறு அரங்கு 2002-ஆம் ஆண்டு இராணுவ நடவடிக்கையில் அழிந்தது. அவருடைய மகனும் நடிகருமான ஜூலியானோ மேர் கமிஸ் நண்பர்களோடு 2006-இல் ‘சுதந்திர அரங்கை’ நிறுவினார். 2011 ஏப்ரல் 4 அன்று அரங்கின் வாசலருகே அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். கொலையாளி யார் என்பது இதுவரை நிறுவப்படவில்லை. அதற்குப் பின்னர் இக்குழு ‘சுதந்திரப் பேருந்து’ என்ற பெயரில் ஜோர்தான் பள்ளத்தாக்கின் ஆட்டிடையர் ஊர்களுக்கும் ஹெப்ரானின் தெற்குக் குன்றுகளுக்கும் சென்று, ‘பிளேபேக்’ எனப்படும் முறையில் நாடகம் நடத்தியது. இம்முறையில் எழுதிய பிரதி கிடையாது. ஊரார் ஒருவர் எழுந்து தமக்கு நேர்ந்ததைச் சொல்வார். தண்ணீர்த் தொட்டி பறிபோனதாக இருக்கலாம், மேய்ச்சல் நிலம் மூடப்பட்டதாக இருக்கலாம். சொல்லி முடித்ததும் நடிகர்களும் இசைஞரும் அதை அங்கேயே, அவர் கண்முன், நிகழ்த்திக் காட்டுவர். டெல்லியின் வீதி நாடகக் குழுவான ஜன நாட்டிய மஞ்ச் 2015-16-இல் இவ்வரங்கோடு சேர்ந்து ஒரு நாடகம் உருவாக்கி இந்திய நகரங்களில் நிகழ்த்தியது. 1989-இல் வீதி நாடகம் நடத்திக்கொண்டிருந்தபோது தாக்கப்பட்டு உயிரிழந்த சப்தர் ஹாஷ்மியின் குழு என்பதால் அந்த நட்பில் வியப்பில்லை. 2023 டிசம்பரில் இராணுவம் சுதந்திர அரங்கைச் சோதனையிட்டு, அதன் தயாரிப்பாளர் முஸ்தஃபா ஷீத்தாவை விசாரணையின்றி ஓராண்டுக்கும் மேல் காவலில் வைத்தது. 2025 சனவரியில் தொடங்கிய நடவடிக்கையில் முகாமின் மக்கள் ஏறக்குறைய முழுமையாக வெளியேற்றப்பட்டனர். அரங்கின் கட்டடம் குழுவினருக்கு எட்டாத இடமாகிவிட, அவர்கள் தம் பணியை முகாமுக்கு வெளியே தொடர்ந்தனர்.